வெள்ளை மாளிகை ஓவியத்தைக் காப்பாற்றியது யார்? (கோணேசர் விக்கிரகங்கள் பற்றியும் கதைக்கலாம்)

மட்டிக்களியான்
எல்லாக் குழுக்களிலும் ஒரு செய்தி சுற்றுகிறது. 1814-இல் பிரித்தானியப் படை வொஷிங்டனுக்குள் நுழைந்தபோது, ஜனாதிபதி ஜேம்ஸ் மடிசனின் மனைவி டொலி மடிசன், ஜோர்ஜ் வொஷிங்டனின் ஓவியத்தைச் சட்டகத்திலிருந்து கத்தியால் வெட்டியெடுத்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எரிகிற வெள்ளை மாளிகையிலிருந்து தனியாக ஓடினாராம். கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக.

அந்த ஓவியம் ஏறக்குறைய எட்டடி உயரம், ஐந்தடி அகலம். கில்பர்ட் ஸ்டுவர்ட் 1797-இல் வரைந்தது என்பார்கள். ஆளுயரத்துக்கும் மேலான படம். அதைக் கக்கத்தில் வைப்பதாவது! மாளிகை எரிந்தது 1814 ஆகஸ்ட் 24 இரவு. டொலி பின்னேரமே வண்டியேறிப் போய்விட்டார். ஆகவே எரிகிற வீட்டிலிருந்து யாரும் எதையும் கொண்டு ஓடவில்லை.

நடந்தது என்ன என்பதை அங்கேயே நின்ற ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். போல் ஜென்னிங்ஸ். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. மடிசன் வீட்டு அடிமை. 1865-இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பில் டொலி படத்தைத் தூக்கிக்கொண்டு போனார் என்பது சுத்தப் பொய் என்கிறார். ஏணி வைத்துத்தான் இறக்க வேண்டும், அதற்கு அவருக்கு நேரமே இருக்கவில்லை, கைக்கு அகப்பட்ட வெள்ளிச் சாமான்களை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார் என்கிறார். படத்தை இறக்கியவர்கள் வீட்டு மேற்பார்வையாளரான பிரெஞ்சுக்காரர் ஜோன் பியர் சியூஸாவும் தோட்டக்காரர் மக்ரோவும். பெரிய வெள்ளிக் கலசங்களையும் சேர்த்து ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். சட்டகத்தை உடைத்தவன், ஏணி பிடித்தவன், வண்டி ஓட்டினவன் எல்லாரும் எப்படிக் கதையிலிருந்து காணாமல் போனார்கள்?

சீனக்குடா_சின்னவன்
அண்ணை, எட்டடிப் படத்தைக் கக்கத்தில் வைத்த அந்த அம்மாவை எங்கள் கரப்பந்தாட்ட அணியில் சேர்க்கலாம் போலிருக்கிறதே.

உவர்மலை
பகிடி இருக்கட்டும். மட்டிக்களியான் தம்பி சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் டொலியை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் நியாயமில்லை. நான் நீண்ட காலம் வரலாறு படிப்பித்தவள். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது நான் கேட்பது வேறு: அன்று அந்த வீட்டில் முடிவெடுக்கக்கூடியவர் யார்?

கணவர் வீட்டில் இல்லை. இரண்டு நாள் முன்பே படையைப் பார்க்கப் போய்விட்டார். வொஷிங்டனுக்குப் பக்கத்தில் பிளேடன்ஸ்பேர்க்கில் அமெரிக்கப் படை சிதறி ஓடியது. ஜேம்ஸ் ஸ்மித் என்ற, அடிமையல்லாத கறுப்பினத்தவர் ஒருவர் குதிரையில் வந்து, தொப்பியை ஆட்டி ஆட்டி, எல்லாரும் வெளியேறுங்கள் என்று கத்தியதாக அதே ஜென்னிங்ஸ்தான் எழுதுகிறார். வண்டி கிடைப்பதே பெரும்பாடு. நண்பர் கரோல் வந்து உடனே புறப்படச் சொல்லிக் கோபப்படுகிறார். படம் பத்திரமாகும்வரை நகரமாட்டேன் என்று நின்றதாகவும், சுவரில் திருகியிருந்த சட்டகத்தைக் கழற்ற நேரமில்லாததால் உடைத்துக் கன்வஸை எடுக்கச் சொன்னதாகவும் டொலி தன் தங்கைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எடுத்த படத்தை நியூயோர்க்கிலிருந்து வந்திருந்த ஜேக்கப் பார்க்கர், ரொபர்ட் டிபேஸ்டர் என்ற இரண்டு பேரிடம் ஒப்படைத்தார்கள்.

அந்தக் கடிதம் நமக்குக் கிடைப்பது பிற்காலப் பிரதியாகத்தான். பிரதி பண்ணும்போது மெருகேற்றினாரா என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் சொந்த உடுப்புகளையும் தளபாடங்களையும் விட்டுவிட்டு இதை எடுங்கள் என்று யாரோ ஒருவர் சொல்லியாக வேண்டும். மேற்பார்வையாளர் தன் எண்ணத்துக்கு அரச சொத்தின் சட்டகத்தைக் கோடரியால் உடைப்பாரா? பிறகு கணக்குக் கேட்டால் யார் பொறுப்பு? சொன்னவருக்கும் பங்குண்டு, செய்தவருக்கும் பங்குண்டு.

மட்டிக்களியான்
ரீச்சர், பங்கு உண்டு என்பது சரி. பங்கைப் பிரித்த விதம்தான் பிரச்சினை. ஜென்னிங்ஸின் பின்கதையைப் பாருங்கள். மடிசன் இறந்தபிறகு டொலி அவரை விடுதலை செய்யவில்லை, விற்றார். 1847-இல் டானியல் வெப்ஸ்டர் என்ற செனற்றர் 120 டொலர் கொடுத்து வாங்கி, அந்தத் தொகையை வேலை செய்து கழிக்கச் சொல்லி விடுதலை கொடுத்தார். பிறகு டொலி வறுமையில் கிடந்தபோது இதே ஜென்னிங்ஸ் தன் காசில் சின்னத் தொகைகளைக் கொடுத்து உதவியதாக எழுதுகிறார். 2009-இல்தான் அவருடைய சந்ததியார் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டு அந்தப் படத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்காபரோ_திருமலை
இங்கே ரொறொன்ரோவில் இந்தக் கதையை மறுபக்கத்திலிருந்து சொல்வார்கள். வொஷிங்டன் எரிந்ததற்கு ஒரு வருடம் முன்பு, 1813 ஏப்ரலில், அமெரிக்கப் படை யோர்க் நகருக்குள் வந்து பாராளுமன்றக் கட்டடத்தை எரித்தது. யோர்க்தான் இன்றைய ரொறொன்ரோ. ஆகவே கனேடியர்களுக்கு 1814 ஒரு பதிலடி. யோர்க்கிலிருந்து செங்கோல் ஒன்றையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அது 1934-இல் ரூஸ்வெல்ட் காலத்தில்தான் திரும்பி வந்தது.

இன்னொன்று. அன்றிரவு வெள்ளை மாளிகையில் மேசை போட்டுச் சாப்பாடு தயாராக இருந்தது. ஜெனரல் றொஸும் அட்மிரல் கொக்பேனும் ஆட்களோடு வந்து அதைச் சாப்பிட்டு, வைனும் குடித்துவிட்டுத்தான் தீ வைத்தார்கள். எங்கள் ஊரில் விருந்து வீட்டில் கூட இப்படி நடக்காது.

சீனக்குடா_சின்னவன்
அப்புறம்? பாத்திரம் கழுவினார்களா?

கிண்ணியா_கடல்
எனக்கு ஓவியத்தை விடக் காகிதங்கள்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. சுதந்திரப் பிரகடனமும் அரசியலமைப்பின் மூலப்பிரதியும் வெள்ளை மாளிகையில் இருக்கவில்லை, இராஜாங்கத் திணைக்களத்தில் இருந்தன. அவற்றைக் காப்பாற்றியவர் ஸ்டீபன் பிளெசன்டன் என்ற ஒரு கிளார்க். முரட்டு லினன் துணி வாங்கி, பைகள் தைப்பித்து, அதற்குள் எல்லாவற்றையும் திணித்து வண்டியில் ஏற்றினார். போர் அமைச்சர் ஆம்ஸ்ட்ரோங் அந்தப் பக்கமாக வந்து, சும்மா பயப்படுகிறாய், இங்கே யாரும் வரமாட்டார்கள் என்றாராம். இவர் கேட்கவில்லை. முதலில் வெர்ஜீனியாக் கரையில் ஒரு மாவாலையில் வைத்தார். பக்கத்தில் பீரங்கி வார்க்கும் ஆலை இருந்ததால், எதிரி அங்கே வரக்கூடும் என்று யோசித்து, மறுபடி ஏற்றி 35 மைல் தள்ளி லீஸ்பேர்க்கில் ஒரு வெறும் வீட்டில் பூட்டினார்.

இரண்டாவது இடமாற்றம்தான் என்னைக் கவர்ந்தது. ஒருதரம் ஒளித்தவன் நிம்மதியாகப் படுத்துவிடுவான். இந்த மனுசன் படுக்கவில்லை. அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அமைச்சர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒரு கிளார்க் வண்டி பிடிப்பது லேசான காரியமில்லை. (இதே பிளெசன்டன்தான் பிற்காலத்தில் அமெரிக்க வெளிச்சவீடுகளுக்குப் பொறுப்பாக இருந்து, சிக்கனம் பார்க்கிறேன் என்று அவற்றைக் கெடுத்தார் என்ற பேரும் வாங்கினார். எல்லாவற்றிலும் கெட்டிக்காரர் என்று யாரும் இல்லை.)

உவர்மலை
கிண்ணியா நானா சொன்னது நல்ல விஷயம். காப்பாற்றப்படாததையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பாராளுமன்றமான கப்பிற்றல் கட்டடத்தில் இருந்த காங்கிரஸ் நூலகத்தின் சுமார் 3,000 புத்தகங்கள் போயின. பிறகு தோமஸ் ஜெபர்சன் தன் சொந்த நூலகத்தை, 6,487 புத்தகங்கள், 23,950 டொலருக்கு அரசுக்கு விற்றார். இன்றைய நூலகம் அதிலிருந்து எழும்பியது. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 புத்தகங்கள் எரிந்தபோது அப்படி விற்பதற்கு யாரிடமும் இன்னொரு தொகுதி இருக்கவில்லை. ஏட்டுச் சுவடிகள் ஒரு பிரதிதானே. இதற்குமேல் நான் எழுதவில்லை.

தம்பையூரான்
அமெரிக்காவையே எவ்வளவு நேரம் சுற்றுவீர்கள்? நம்முடைய ஊரான திருகோணமலையில் நடந்ததைக் கதைப்போம்.

1620களில் கொன்ஸ்தந்தீனு த சா என்ற தளபதி காலத்துப் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். புத்தாண்டு நாளில், சுவாமி ஊர்வலமாக வெளியே போயிருந்த நேரம், பிராமணர் வேடம் போட்டுக்கொண்டு சிப்பாய்கள் உள்ளே புகுந்தார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. இடித்த கல்லால்தான் கோட்டை எழும்பியது. இன்றும் பிரட்றிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லும் கல்வெட்டுத் துண்டும் நிற்கின்றன. கோயிலுக்குப் போகிறவர்கள் அரைவாசிப் பேர் மானுக்குக் கச்சான் கொடுத்துக்கொண்டு அதைப் பார்க்காமலே போவார்கள்.

ஆனால் எல்லாம் போகவில்லை. 1950-இல் கோணேசர் மலைக்குக் கிட்ட நகரசபை கிணறு வெட்டியபோது செப்புத் திருமேனிகள் வெளியே வந்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி. சோழர் காலத்தவை என்கிறார்கள். 1963-இல் திருப்பணி முடிந்து குடமுழுக்கு நடந்த கோயிலில் அவற்றை வைத்துத்தான் கும்பிடுகிறோம். முந்நூறு வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் இருந்தவை. யார் புதைத்தார்கள்? ஜென்னிங்ஸுக்காவது ஒரு குறிப்பு எழுதக் கிடைத்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

எங்கள் தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயில் இருப்பதும் இதே கதையின் இன்னொரு கிளை. கோயில் இடிபடும்போது சில மூர்த்தங்களைத் தூக்கிக்கொண்டு காடு வழியாக ஓடியவர்கள், மலையில் ஒளித்து வைத்து, பிறகு இங்கே கோயில் கண்டார்கள் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறோம். அதனால்தான் கோயில் தொழும்புகள், வயல் உரிமைகள் எல்லாம் இங்கே ஒரு குடும்பத்துக்கு ஒன்றாக வந்தன என்பார்கள்.

மட்டிக்களியான்
ஐயா, இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் ஒரு சந்தேகம். புதைத்தவர்கள் அந்த ஆபத்து நேரத்தில் புதைத்தார்களா, அல்லது முன்னமே வேறு காரணத்துக்காகப் புதைத்திருந்தார்களா? பின்னமான (உடைந்த) மூர்த்தியை மண்ணில் இடும் வழக்கம் ஆகமத்தில் உண்டே.

தம்பையூரான்
பின்னமானவையா அவை? கிடைத்தவற்றைக் கொண்டுபோய்ப் பூசையில் வைத்திருக்கிறார்கள். முழுசாக இருந்ததால்தானே வைத்தார்கள்.

உவர்மலை
தென்னிந்தியாவிலும் மாலிக் கபூர் படையெடுப்புக் காலத்தில் பல கோயில்களின் செப்புத் திருமேனிகளைப் புதைத்தார்கள். வயல் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் இன்றுவரை வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே ஆபத்துக்குப் புதைப்பது ஒரு பழக்கப்பட்ட வழி. செப்பு மண்ணுக்குள் கிடந்தாலும் தாங்கும், ஓவியமும் காகிதமும் தாங்காது. இந்த வசதி டொலிக்கும் பிளெசன்டனுக்கும் இருக்கவில்லை.

சீனக்குடா_சின்னவன்
கல்லும் தாங்கும், கடலும் வைத்திருக்கும். 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைக்குக் கீழே சுழியோடி, இடிபட்ட கோயிலின் தூண்களைக் கண்டார்களே. கடலுக்கடியிலிருந்து லிங்கம் ஒன்றையும் வில்சன் எடுத்துக் கொடுத்தார். அதுவும் இப்போது கோயிலில்தான்.

கிண்ணியா_கடல்
தலைவரின் வாசஸ்தலம் என்று பார்த்தால் கண்டி அரண்மனைதான் நேரடி உதாரணம். அதில் திருகோணமலைக்கும் ஒரு பங்குண்டு, அவ்வளவு பெருமைப்பட ஒன்றுமில்லை. 1803-இல் ஆங்கிலேயர் கண்டிக்குப் படையெடுத்தபோது மக்டவல் கொழும்பிலிருந்தும் கேணல் பார்பட் இங்கிருந்தும் புறப்பட்டார்கள். பார்பட் படை பெப்ரவரியில் காட்டுவழியாக நடந்து போய்ச் சேர்ந்தால், ஊரில் ஈ காக்கை இல்லை. அரண்மனை எரிந்துகொண்டிருந்தது. எரித்தவர்கள் அரசனின் ஆட்களே. விலைமதிப்பானவற்றை முன்கூட்டியே காட்டுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வொஷிங்டனில் எதிரி வந்து தீ வைத்தான். கண்டியில் வீட்டுக்காரனே வைத்தான்.

அதற்கு முன் 1765-இல் ஒல்லாந்தர் கண்டிக்குள் வந்து அரண்மனையைச் சூறையாடினார்கள். அப்போதும் புத்தரின் பல்லான புனித தந்ததாதுவை முதலில் அப்புறப்படுத்திவிட்டார்கள், மற்றதை விட்டுவிட்டார்கள். லெவ்கே திசாவை என்ற கண்டி மாகாண அதிகாரியின் பீரங்கி அப்படித்தான் அம்ஸ்ரர்டாம் றைக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. 2023-இல் இன்னும் ஐந்து பொருட்களோடு திரும்பி வந்தது.

ஸ்காபரோ_திருமலை
1815-இல் கண்டியரசன் சிறீ விக்கிரமராஜசிங்கன் பிடிபட்டபோது சிம்மாசனமும் கிரீடமும் இங்கிலாந்துக்குப் போய், வின்சர் மாளிகையில் இருந்துவிட்டு, 1934-இல் குளோஸ்டர் கோமகன் கொண்டுவந்து தந்தாரே. யோர்க் செங்கோலும் 1934, கண்டிச் சிம்மாசனமும் 1934. திருப்பிக் கொடுக்கும் காலம் போலிருக்கிறது.

வொஷிங்டனை எரித்ததற்கும் கண்டி விழுந்ததற்கும் இடையில் ஆறு மாதம் இல்லை. ஒரே பேரரசு, ஒரே பழக்கம். அங்கே ஓவியம் தப்பியது, இங்கே சிம்மாசனம் கப்பலேறியது.

உவர்மலை
சிம்மாசனத்தை யாரும் காப்பாற்ற முயன்றதாகத் தெரியவில்லை என்பதையும் கவனியுங்கள். அது ஒல்லாந்தர் 1690களில் அன்பளிப்பாகக் கொடுத்தது. தந்ததாது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அரசன் என்ற நம்பிக்கை இருந்ததால், 1815-இல் ஆங்கிலேயர் உள்ளே வந்தபிறகும் அதை மறைத்தே வைத்திருந்தார்கள். ஏப்ரலில் பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான் ஊர்வலமாகத் திரும்பியது. எதை முதலில் தூக்குகிறார்களோ அதில்தான் அந்த மக்களுக்கு ஆட்சி எங்கே இருக்கிறது என்பது தெரியும். டொலி கணவரின் படத்தைத் தூக்கவில்லை பாருங்கள், பழைய ஜனாதிபதியின் படத்தைத்தான் தூக்கச் சொன்னார். எதிரி வொஷிங்டனின் முகத்தைக் கிழித்து லண்டனில் காட்சிக்கு வைத்துவிடக்கூடாது என்ற பயம்.

சீனக்குடா_சின்னவன்
நம்முடைய காலத்தில் 2022 இருக்கிறதே. ஜூலையில் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த சனங்கள் ஒரு கோடியே எழுபத்தெட்டு இலட்சம் ரூபாயைக் கண்டெடுத்து எண்ணிப் பொலிசில் கொடுத்தார்கள். அதற்கு முன் மே மாதம் பிரதமரின் அலரி மாளிகையிலிருந்து எங்கள் கடற்படைத் தளத்துக்கு ஹெலியில் யார் வந்தார் என்பதும் ஊருக்கே தெரியும். திருமலை இப்போது பொக்கிஷங்களை ஒளிக்கும் இடமில்லை, தலைவர்களை ஒளிக்கும் இடம்.

தம்பையூரான்
தம்பி, இழையை அரசியலுக்குக் கொண்டுபோகாதே.

மட்டிக்களியான்
சின்னவனை விடுங்கள் ஐயா, அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது படையெடுப்பு இல்லை.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று. கோணேசர் திருமேனிகளைப் புதைத்தவர்கள் ஏன் திரும்பி வந்து எடுக்கவில்லை? ஒல்லாந்தர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள், இடையில் எத்தனை தலைமுறை.

கிண்ணியா_கடல்
எடுத்தால் எங்கே வைப்பது? மலை முழுக்கக் கோட்டைக்குள். போர்த்துக்கேயர் போன பிறகும் அங்கே துருப்புத்தான். அதோடு, இரகசியம் இரண்டு மூன்று பேருக்குள் இருந்திருந்தால் ஒரு கொள்ளைநோய் போதும், அறவே மறைந்துவிடும்.

காபூலில் இதற்கு வேறு வழி பார்த்தார்கள். 1978-இல் ஆப்கானிஸ்தானின் தில்லியா தேப்பேயில் சோவியத் அகழ்வாளர் சரியானிதி கண்டெடுத்த இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தங்கப் பொருட்களை, உள்நாட்டுப் போர் முற்றியபோது ஜனாதிபதி மாளிகை வளாகத்துக்குள் இருந்த வங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்கள். திறப்புகள் ஒருவரிடம் இல்லை, பல பேரிடம். தலிபான்கள் காபூலைப் பிடித்து ஆட்சி செய்தபோதும் பெட்டகம் திறபடவில்லை. தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. 2003-இல்தான் இருக்கிறது என்று வெளியே வந்தது. இங்கேயும் காப்பாற்றியவர்கள் அருங்காட்சியக ஊழியர்களும் வங்கி ஊழியர்களும்தான். சம்பளம் ஒழுங்காக வராத ஆட்கள்.

தம்பையூரான்
இரகசியம் அறவே மறைந்தது என்று சொல்ல முடியாது. தம்பலகாமத்துக்கு வந்த மூர்த்தங்களை யாரும் மறக்கவில்லையே. கோயில் எழும்பியது, திருவிழா நடந்தது, யார் எதற்குப் பொறுப்பு என்பது பிள்ளைக்குப் பிள்ளை வந்தது. புதைத்ததைத்தான் மறந்தார்கள், கொண்டுவந்ததை மறக்கவில்லை. எனக்கு இரண்டும் ஒரே கூட்டம் செய்த வேலையாகவே படுகிறது. தூக்கக்கூடியதைத் தூக்கினார்கள், பாரமானதைப் புதைத்தார்கள்.

உவர்மலை
ஒரே கூட்டம் என்பதற்கு ஆதாரம் வேண்டும் ஐயா. பார்வதியும் சந்திரசேகரரும் அவ்வளவு பாரமா என்ன? ஊர்வலத்துக்கென்றே வார்த்த விக்கிரகங்கள் அவை, தோளில் தூக்குவதற்குத்தான் செய்தது. அவற்றைப் புதைக்கும் அளவுக்கு நேரம் நெருக்கடியாக இருந்திருக்க வேண்டும், அல்லது தூக்கப் போதிய ஆட்கள் இல்லாமல் போயிருக்க வேண்டும். அன்றைக்கு எத்தனை பேர் வெட்டுப்பட்டார்களோ.

தம்பையூரான்
அதுவும் சரிதான். ஆட்கள் இல்லாமல் போனது என்ற கோணத்தில் நான் யோசிக்கவில்லை. ஊர்வலம் வெளியே போயிருந்தது என்ற கதையோடு அது பொருந்துகிறது. வெளியே போன சுவாமி வெளியேயே தப்பியிருக்கலாம், தூக்கினவர்கள் திரும்பியே வராமல் இருந்திருக்கலாம்.

ஸ்காபரோ_திருமலை
1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் திருமலையில் குண்டு போட்டபோது எங்கள் அப்பப்பா குடும்பம் மூதூர்ப் பக்கம் ஓடியதாகச் சொல்வார்கள். அப்போது அட்மிரல் மாளிகையிலிருந்து என்ன அப்புறப்படுத்தினார்கள், கோயில்காரர் என்ன செய்தார்கள் என்று யாருக்காவது வீட்டில் கதை உண்டா?

மட்டிக்களியான்
அதைத் தனி இழையாகத் திறவுங்கள் அண்ணை. எங்கள் வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது, ஆனால் அதில் காப்பாற்றப்பட்டது ஒரு தையல் மெஷின்தான்.